அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குச் சம்பளம் தர வேண்டுமா? ஓர் எளிய அறிமுகம்

2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வேலையிலிருந்து நீக்கியது. ஒப்பந்தத்தில் இன்னும் பல ஆண்டுகள் மிச்சமிருந்தன. அதனால் அவருக்குச் சேர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். அதே அணிக்காக அதே ஆண்டில் ஒரு லட்சம் பேர் கூடும் மைதானத்தில் மோதி விழுந்து எழுந்த மாணவர்களுக்கு, பல்கலைக்கழகம் சம்பளமாக ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை. கொடுக்க நினைத்திருந்தாலும் அன்றைய விதி விட்டிருக்காது.

கல்லூரி வீரர்களுக்குச் சம்பளம் தரலாமா என்ற கேள்வி அமெரிக்காவில் இவ்வளவு சூடாக விவாதிக்கப்படுவதற்கு இந்த ஏற்றத்தாழ்வுதான் காரணம். கேள்வி புரிய வேண்டுமானால், அங்கே கல்லூரி விளையாட்டு எவ்வளவு பெரியது என்று முதலில் தெரிய வேண்டும்.

அங்கே ஃபுட்பால் என்றால் நாம் காலால் உதைக்கும் ஆட்டம் இல்லை. தலைக்கவசம், தோள்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, பந்தைக் கையில் இடுக்கி ஓடி, எதிராளிமீது உடலால் மோதும் அமெரிக்கக் கால்பந்து. மிஷிகன் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். சனிக்கிழமை கல்லூரி ஆட்டம் பார்ப்பது அங்கே பல ஊர்களில் குடும்ப வழக்கம். தொழில்முறை லீக்குகளுக்குப் போகும் பாதையும் பெரும்பாலும் கல்லூரி வழியாகத்தான். பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆகாமல் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை ஃபுட்பால் லீக்குக்குள் நுழைய முடியாது. ஆகவே, பதினெட்டு வயதில் மிகத் திறமையான ஒரு பையனுக்கு, அமெரிக்காவுக்குள் அந்த ஆட்டத்தை உயர்ந்த தரத்தில் ஆட ஏறக்குறைய கல்லூரியை விட்டால் வேறு வழியே கிடையாது.

இதையெல்லாம் ஆளும் அமைப்பின் பெயர் என்.சி.ஏ.ஏ. சுமார் 1,100 கல்லூரிகள் அதில் உறுப்பினர்கள். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அதன் கீழ் ஆடுகிறார்கள். கல்லூரிகள் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன; மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. சம்பளச் சண்டை முழுக்க முதல் பிரிவில்தான். அதற்குள்ளும் ஃபுட்பால், ஆண்கள் கூடைப்பந்து என்ற இரண்டு ஆட்டங்களில்தான் பெரும் பணம் புரள்கிறது. நீச்சல், மல்யுத்தம், துடுப்புப் படகு, தடகளம் என்று மற்ற ஆட்டங்கள் பெரும்பாலும் வரவைவிடச் செலவே அதிகம் வைப்பவை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுப் பேசினால் விவாதம் குழம்பிப்போகும். ஐந்து லட்சம் பேருக்கும் சம்பளம் கொடு என்று யாரும் கேட்கவில்லை.

பணம் எவ்வளவு? ஆண்டுதோறும் மார்ச் மாதம் நடக்கும் ஆண்கள் கூடைப்பந்துத் தொடரின் ஒளிபரப்பு உரிமைக்காக 2010இல் சி.பி.எஸ்., டர்னர் தொலைக்காட்சிகள் 14 ஆண்டுக்கு 1,080 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டன. 2016இல் அதை 2032வரை நீட்டிக்க இன்னும் 880 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. என்.சி.ஏ.ஏ.வின் வருமானத்தில் பெரும்பகுதி இந்த ஒரு தொடரிலிருந்துதான் வருகிறது. ஃபுட்பால் பணம் தனி. அது பெரும்பாலும், கல்லூரிகள் தங்களுக்குள் ஆடுவதற்காக அமைத்துக்கொண்ட கூட்டணிகளுக்கு நேராகப் போகிறது. அந்தப் பணத்தில் பிரம்மாண்டமான பயிற்சிக் கூடங்கள் எழுந்தன, நிர்வாகிகள் பெருகினார்கள், பயிற்சியாளர் சம்பளம் ஏறிக்கொண்டே போனது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அரசு ஊதியப் பட்டியலில் மிக அதிகம் வாங்குபவர் ஆளுநர் அல்ல, கல்லூரி அணியின் பயிற்சியாளர்தான்.

ஸ்காலர்ஷிப் போதாதா?

சம்பளம் வேண்டாம் என்பவர்களின் முதல் வாதம் இது: இலவசமாகப் படிக்க வைக்கிறோமே, அதுவே ஊதியம்தானே?

இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டும். கல்விக் கடனில் மூழ்கிக் கிடக்கும் லட்சக்கணக்கான அமெரிக்க இளைஞர்களைப் பார்க்கும்போது, கடனில்லாத பட்டம் என்பது வாழ்க்கையையே மாற்றக்கூடியது. ஏழைக் குடும்பத்திலிருந்து வந்து, பந்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியவர்கள் உண்மையிலேயே நிறையப் பேர்.

ஆனால் முழு ஸ்காலர்ஷிப் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பெரும்பாலான ஆட்டங்களில் ஒரு பகுதிதான். 1973 முதல் சுமார் நாற்பது ஆண்டுகள், ஸ்காலர்ஷிப்பை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் முறைதான் விதியாக இருந்தது. காயம்பட்டவரையோ பயிற்சியாளருக்குப் பிடிக்காமல் போனவரையோ அடுத்த ஆண்டு புதுப்பிக்காமல் விட்டுவிடலாம். பெரிய கூட்டணிகளில் இந்தப் பழக்கம் 2015இல்தான் தடுக்கப்பட்டது.

படிப்பு என்ற வாக்குறுதியும் எல்லா இடத்திலும் காப்பாற்றப்படவில்லை. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 18 ஆண்டுகள் வகுப்பே நடக்காத பாடங்கள் நடந்திருக்கின்றன. ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் நல்ல மதிப்பெண். 3,100 மாணவர்கள் அப்படிப் பாடம் எடுத்தார்கள் என்றும் அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள் என்றும் 2014இல் வெளியான விசாரணை அறிக்கை சொன்னது. கல்விதான் ஊதியம் என்று சொல்லிவிட்டு அந்தக் கல்வியையே போலியாகக் கொடுத்தால், அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்ன? இந்த விவகாரம் முழுவதிலும் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

அதே 2014இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணி தேசியக் கோப்பையை வென்றது. அதன் நட்சத்திரம் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகள் பசியோடு படுக்கப் போவதாக நிருபர்களிடம் சொன்னார். பெயர் இல்லாவிட்டாலும் அவருடைய ஆட்ட எண் போட்ட சட்டைகள் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தன. அவர் அப்படிச் சொன்ன சில நாட்களிலேயே, கல்லூரிகள் வீரர்களுக்கு எவ்வளவு சாப்பாடு தரலாம் என்ற கட்டுப்பாட்டை என்.சி.ஏ.ஏ. தளர்த்தியது.

இந்த விதி எங்கிருந்து வந்தது?

கல்லூரி விளையாட்டு ஒரு காலத்தில் தூய பொழுதுபோக்காக இருந்தது, பணம் வந்து கெடுத்துவிட்டது என்று ஒரு நம்பிக்கை உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகள் மோதிய முதல் போட்டி 1852இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஏரி ஒன்றில் ஹார்வர்டுக்கும் யேலுக்கும் நடந்த படகுப் போட்டி. அதற்குச் செலவு செய்தது, அந்தப் பகுதிக்குப் பயணிகளை இழுக்க விரும்பிய ஒரு ரயில் கம்பெனி. பணம் முதல் நாளிலிருந்தே உடன் இருந்தது.

என்.சி.ஏ.ஏ. பிறந்தது 1906இல். அப்போது ஃபுட்பால் ஆட்டத்தில் மாணவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தலையிட வேண்டியிருந்தது. ஆட்டத்தைப் பாதுகாப்பானதாக்கத் தொடங்கிய அமைப்பு, காலப்போக்கில் வீரர்கள் காசு வாங்காமல் பார்த்துக்கொள்ளும் காவலாகவும் ஆனது. ஆடுபவர் காசுக்காக ஆடக் கூடாது என்பதே அமெச்சூர் கொள்கை. ஒலிம்பிக்கும் இதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. 1980களில் அது விட்டுவிட்டது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து நட்சத்திரங்கள் ஆடியபோது ஒலிம்பிக் ஒன்றும் அழிந்துவிடவில்லை. கல்லூரிகள் மட்டும் இன்னும் முப்பது ஆண்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டன.

ஏன் அப்படி? ரே டென்னிசன் என்பவரின் கதையில் பதிலின் ஒரு பகுதி இருக்கிறது. 1955இல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஃபுட்பால் ஆடியபோது தலையில் அடிபட்டு இறந்தார். வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். 1957இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் மறுத்தது. கல்லூரி ஃபுட்பால் வியாபாரம் செய்யவில்லை என்றது. இதுபோன்ற வழக்குகள் வந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில்தான் என்.சி.ஏ.ஏ. இவர்களை 'மாணவ வீரர்கள்' என்றே எல்லா இடத்திலும் குறிப்பிட வேண்டும் என்று வலியுறுத்தத் தொடங்கியது. தொழிலாளி என்று ஒப்புக்கொண்டால் காயத்துக்கும் மரணத்துக்கும் பொறுப்பேற்க வேண்டிவரும். 1951 முதல் 1987வரை அந்த அமைப்பை நடத்திய வால்டர் பையர்ஸ், ஓய்வுக்குப் பிறகு தான் கட்டிய அந்த முறையையே கடுமையாகக் கண்டித்தார்.

நீதிமன்றங்கள் பார்த்தது என்ன?

இந்த விவாதத்தை நல்ல மனசா, பேராசையா என்று பார்த்தால் வழக்குகள் புரியாது. சட்டம் கேட்ட கேள்வி வேறு. போட்டியாளர்களான நூற்றுக்கணக்கான கல்லூரிகள் ஒன்றாக உட்கார்ந்து, ஆடுபவருக்கு இதற்கு மேல் தரக் கூடாது என்று முடிவு செய்வது சரியா? வேறு எந்தத் தொழிலிலாவது முதலாளிகள் கூடிப் பேசிக் கூலிக்கு உச்சவரம்பு வைத்தால், போட்டியைத் தடுக்கும் சதி என்று அமெரிக்கச் சட்டம் அவர்களைப் பிடிக்கும்.

எட் ஓபானன் என்பவர் 1995இல் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணிக்கு தேசியக் கோப்பை வாங்கித் தந்தவர். பல ஆண்டுகள் கழித்து ஒரு வீடியோ கேமில் தன்னைப் போலவே ஓர் உருவம் ஆடுவதைப் பார்த்தார். அதற்கு அவருக்குக் காசு வரவில்லை, யாரும் அனுமதியும் கேட்கவில்லை. 2009இல் வழக்குப் போட்டார். 2014இல் நீதிபதி கிளாடியா வில்கன், என்.சி.ஏ.ஏ.வின் விதிகள் சட்டத்தை மீறுகின்றன என்று தீர்ப்பளித்தார்.

அடுத்தது ஆல்ஸ்டன் வழக்கு. 2021 ஜூன் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். தீர்ப்பு நேரடியாகத் தொட்டது கல்வி சார்ந்த சலுகைகளை மட்டும்தான்: கணினி, மேற்படிப்பு உதவி, ஆண்டுக்கு 5,980 டாலர்வரை படிப்புக்கான பரிசு. ஆனால் நீதிபதி பிரெட் கவனா தனியாக எழுதிய குறிப்பு எல்லோரையும் நிமிர வைத்தது. குறைந்த சம்பளம் வாங்கும் சமையல்காரர் செய்த சாப்பாடுதான் வாடிக்கையாளருக்குப் பிடிக்கும் என்று சொல்லி ஒரு பகுதியின் உணவகங்கள் எல்லாம் சேர்ந்து சமையல்காரர் கூலியைக் குறைக்க முடியாது என்றார் அவர். என்.சி.ஏ.ஏ. சட்டத்துக்கு அப்பாற்பட்டதல்ல என்று முடித்தார்.

இதற்கிடையே 2019இல் கலிஃபோர்னியா மாநிலம் கல்லூரி வீரர்கள் விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிக்கலாம் என்று சட்டம் போட்டது. மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. வேறு வழியின்றி 2021 ஜூலை 1 முதல் என்.சி.ஏ.ஏ. கதவைத் திறந்தது. தன் பெயரையும் படத்தையும் புகழையும் வைத்து மூன்றாம் நபரிடம் பணம் வாங்கும் இந்த உரிமைக்கு என்.ஐ.எல். என்று பெயர். இது கல்லூரி தரும் சம்பளம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஐயோவா அணியின் கூடைப்பந்து வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் மாணவியாக இருந்தபோதே நைக்கி, ஸ்டேட் ஃபார்ம் போன்ற பெரிய நிறுவனங்களின் விளம்பரங்களில் வந்தார். 2024இல் தொழில்முறைக்குப் போனபோது அவருடைய முதலாண்டு லீக் சம்பளம் 76,535 டாலர்தான். மாணவியாக விளம்பரத்தில் அதைவிடப் பல மடங்கு சம்பாதித்திருந்தார்.

கடைசிச் சுவர் 2025 ஜூன் 6 அன்று விழுந்தது. அரிசோனா ஸ்டேட் நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ் பெயரில் நடந்த வழக்கில், அதே நீதிபதி வில்கன் சமரச ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். 2016 முதல் ஆடியவர்களுக்கு இழப்பீடாகச் சுமார் 280 கோடி டாலர், பத்து ஆண்டுகளில். இனிமேல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். 2025-26இல் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர்.

ஆக, தரலாமா என்ற கேள்விக்கு நடைமுறையில் பதில் வந்துவிட்டது. தரலாம். தருகிறார்கள். இப்போது மிச்சமிருப்பது, எவ்வளவு, யாருக்கு, யார் முடிவு செய்வது என்பதுதான். என் பார்வையில் கடைசிக் கேள்விதான் முக்கியம்.

அந்த 2.05 கோடி எப்படி வந்தது? பெரிய கூட்டணிக் கல்லூரிகளின் சராசரி விளையாட்டு வருமானத்தில் 22 சதவீதம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். என்.எஃப்.எல்., என்.பி.ஏ. போன்ற தொழில்முறை லீக்குகளில் வீரர்களுக்குப் போவது வருமானத்தில் ஏறக்குறையப் பாதி. அங்கே வீரர்களுக்குச் சங்கம் இருக்கிறது. அது முதலாளிகளோடு மேசையில் உட்கார்ந்து பேரம் பேசிப் பெற்ற பங்கு அது. கல்லூரி வீரர்களுக்குச் சங்கம் இல்லை. உச்சவரம்பு இன்னும் இருக்கிறது, பூஜ்யத்திலிருந்து 22க்கு நகர்ந்திருக்கிறது. அந்த எண்ணை எந்தச் சங்கமும் வீரர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி ஏற்றுக்கொள்ளவில்லை.

சங்கம் அமைக்க முயன்றவர்கள் உண்டு. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஃபுட்பால் வீரர்கள் தொழிலாளர்களே என்று 2014இல் தொழிலாளர் வாரியத்தின் வட்டார அதிகாரி சொன்னார். அடுத்த ஆண்டு தலைமை வாரியம் இதில் தலையிட மறுத்துவிட்டது. 2024 மார்ச்சில் டார்ட்மத் கூடைப்பந்து அணி 13-2 என்று வாக்களித்துச் சங்கத்தைத் தேர்ந்தெடுத்தது. கல்லூரி பேச மறுத்தது. அரசியல் காற்று மாறியதும் ஆண்டு முடிவில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கல்லூரிகளோ, வழக்குகளிலிருந்து பாதுகாப்புத் தரும் சட்டம் கேட்டு நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கின்றன. வீரர்களோடு பேசி ஒப்பந்தம் போட்டால் பாதி வழக்குகள் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

எதிர்வாதங்களில் எனக்குக் கவலை தருபவை

பணம் கொடுத்தால் ரசிகர்கள் ஓடிவிடுவார்கள் என்பது இதுவரை நடக்கவில்லை. மைதானங்கள் நிரம்பித்தான் இருக்கின்றன. 2024 பெண்கள் கூடைப்பந்து இறுதிப் போட்டியைச் சராசரியாக 1.8 கோடிக்கும் மேற்பட்டோர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். ஆண்கள் இறுதியைவிட அதிகம்.

உண்மையான கவலை சிறிய ஆட்டங்களைப் பற்றியது. ஃபுட்பால் பணத்தில்தான் நீச்சல் குளமும் மல்யுத்த விரிப்பும் நடக்கின்றன. அமெரிக்க ஒலிம்பிக் அணியில் பெரும்பாலோர் கல்லூரியில் பயிற்சி பெற்றவர்களே. ஃபுட்பால் வீரர்களுக்கு மொத்தம் 1.5 கோடி டாலர் போனால், ஒரு நிர்வாகி முதலில் வெட்டப்போவது எதை? பயிற்சியாளர் சம்பளத்தையா, துடுப்புப் படகு அணியையா? அனுபவம் இரண்டாவதைத்தான் சொல்கிறது. புதிய ஒப்பந்தம் அணியில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்றும் வரம்பு வைத்தது. ஸ்காலர்ஷிப் இல்லாமல் ஆசையால் மட்டும் அணியில் இருந்த பல பிள்ளைகள் வெளியேற நேர்ந்தது. அவர்களுக்காக நீதிபதி ஒப்புதலையே சில வாரம் நிறுத்திவைத்தார்.

பெண்களின் பங்கு அடுத்த சிக்கல். 1972ஆம் ஆண்டின் டைட்டில் 9 சட்டப்படி, அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையம் பாலின பேதம் காட்டக் கூடாது. ஆனால் பெரிய கல்லூரிகள் பரவலாகப் பேசும் பங்கீடு, ஃபுட்பாலுக்கு 75 சதவீதம், ஆண்கள் கூடைப்பந்துக்கு 15, பெண்கள் கூடைப்பந்துக்கு 5, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 5. இழப்பீட்டுத் தொகையும் ஏறக்குறைய இதே கணக்கு. இதை எதிர்த்துச் சில வீராங்கனைகள் மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். பெண்கள் ஆட்டத்தைப் பல பத்தாண்டுகள் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு, வருமானம் குறைவு என்பதால் பங்கும் குறைவு என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்புறம், எழுத்தில் இல்லாத வாக்குறுதிகள். 2024 செப்டம்பரில் லாஸ் வேகாஸிலுள்ள நெவாடா பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துபவர்), அதுவரை ஆடிய மூன்று ஆட்டங்களிலும் வென்றிருந்த நிலையில் பருவம் முடியும் முன்பே விலகினார். வாய்மொழியாகச் சொன்ன ஒரு லட்சம் டாலர் வரவில்லை என்றது அவர் தரப்பு, பல்கலைக்கழகம் மறுத்தது. பணம் வந்ததால் வந்த குழப்பம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. நான் பார்ப்பது, முறையான வேலை ஒப்பந்தம் இல்லாததால் வந்த குழப்பம்.

வெளிநாட்டு மாணவர்கள் இந்த மாற்றத்தில் கிட்டத்தட்ட மறக்கப்பட்டவர்கள். சென்னையில் வளர்ந்த டென்னிஸ் வீரர் சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரண்டு ஆண்டும் தேசிய ஒற்றையர் பட்டம் வென்றார். உயரம் தாண்டும் தேஜஸ்வின் சங்கர் கான்சாஸ் ஸ்டேட்டுக்காக 2018, 2022இல் வென்றார். இவர்களைப் போல இன்று போகிறவர்களிடம் இருப்பது எஃப்-1 மாணவர் விசா. அமெரிக்க மண்ணில் விளம்பரத்தில் நடித்துச் சம்பாதித்தால் அந்த விசாவே போய்விடும் ஆபத்து உண்டு. அணித் தோழருக்குக் கிடைப்பது இவர்களுக்குக் கிடைக்காமல் போகலாம். விளையாட்டு ஸ்காலர்ஷிப்பில் அங்கே போகும் பிள்ளைகளின் பெற்றோர், என்.ஐ.எல். ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடும் முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிடுவது அவசியம்.

இவ்வளவு பேச்சிலும் ஓரமாகத் தள்ளப்படுவது உடம்பு. 1974இல் டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தின் கென்ட் வால்ட்ரெப், அலபாமாவுக்கு எதிரான ஆட்டத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டுச் செயலிழந்தார். தொழிலாளர் இழப்பீட்டுக்காக நீண்ட காலம் போராடினார். அவர் ஊழியர் அல்ல என்று 2000இல் டெக்சாஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. இன்றைய நிலை அன்றைவிட மேல்: 2024 ஆகஸ்ட் 1 முதல், கல்லூரியில் ஆடியபோது பட்ட காயத்துக்கு, ஆட்டம் முடிந்த பின் இரண்டு ஆண்டுவரை, ஒரு காயத்துக்கு 90,000 டாலர்வரை காப்பீடு தருகிறது என்.சி.ஏ.ஏ. மூன்று பிரிவினருக்கும், பணம் கொண்டுவராத ஆட்டங்களுக்கும் இது உண்டு. ஆனால் ஃபுட்பால் வீரரின் முழங்கால் தேய்மானமோ, திரும்பத் திரும்பத் தலையில் பட்ட அடியின் விளைவோ இருபத்து நான்கு வயதுக்குள் வந்து முடிவதில்லை. நாற்பதில், ஐம்பதில்தான் தெரிகிறது. ஆண்டுக்கு 2 கோடி டாலர் பங்கு கொடுக்க முடிகிற கல்லூரிகளால், அந்த இரண்டு ஆண்டை இருபது ஆண்டாக்க முடியும். சங்கம் என்று ஒன்று அமைந்து பேச உட்கார்ந்தால், சம்பளத்துக்கு முன்னால் அது கேட்க வேண்டியது இதைத்தான்.